டாலர் மணமகள்கள்: நாவல்கள் காட்டும் காதலும் காட்டாத பத்திரமும்

ஜனவரி 11: ஒரு வாசகரின் கேள்வி

பணக்கார அமெரிக்கப் பெண், கடனில் மூழ்கிய ஆங்கிலப் பிரபு, ஒழுகும் கூரையுள்ள மாளிகை, கடைசியில் காதல். இந்த வகை வரலாற்று நாவல்கள் பல படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் இதே கதை. உண்மையில் இப்படி நடந்ததா, அல்லது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்களா? அந்தப் பெண்கள் விற்கப்பட்டார்கள் என்றால் அதை ஏன் காதல் கதையாக்க வேண்டும்?

ஜனவரி 11, இரவு

நடந்தது. நாவல்களில் வருவதைவிடப் பச்சையாக நடந்தது.

கான்சுவேலோ வாண்டர்பில்ட் 1895 நவம்பர் 6 அன்று நியூயார்க்கில், புனித தாமஸ் தேவாலயத்தில், ஒன்பதாவது மார்ல்பரோ டியூக்கை மணந்தார். டியூக் என்பது ஆங்கிலப் பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம், அவர் மனைவி டச்சஸ். அவருக்கு வயது பதினெட்டு. அவர் விரும்பியது வின்த்ரப் ரதர்ஃபர்ட் என்ற இளைஞரை. தாய் ஆல்வா சம்மதிக்கவில்லை. மகள் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பது இது: வீட்டில் சிறைபோல் வைத்திருந்தார்கள், அந்த இளைஞரைச் சுட்டுவிடுவேன் என்று தாய் மிரட்டினார், மகளின் பிடிவாதத்தால் தாய்க்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று சொல்லவைத்தார்கள். திருமண நாள் காலை முழுவதும் அழுதுகொண்டிருந்தார். முகத்திரைக்குள் வீங்கிய கண்களோடு தேவாலயத்துக்குத் தாமதமாகப் போனார்.

இவ்வளவும் நாவல்களில் வந்துவிடுகிறது. வராதது, அதே திருமணத்துக்காக எழுதப்பட்ட பத்திரம். பல ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவள் நான். எந்தக் குடும்பக் கதையைப் படித்தாலும் என் கை முதலில் அதைத்தான் தேடும். இந்தக் கல்யாணத்தின் பத்திரம் நமக்குக் கிடைக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பீச் கிரீக் ரயில்வே கம்பெனியின் 50,000 பங்குகள். முகமதிப்பு 25 லட்சம் டாலர். ஆண்டுக்கு 4 சதவீத வருவாய்க்கு நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே உத்தரவாதம். பங்குகள் டிரஸ்டிகள் கையில். வருமானம் டியூக்கின் ஆயுள் பரியந்தம் டியூக்குக்கு. அவர் காலத்துக்குப் பிறகு கான்சுவேலோவின் ஆயுள் வரை அவருக்கு.

ஜனவரி 12

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் சொத்து டியூக்குக்குப் போகவில்லையே, பெண் வீட்டார் கெட்டிக்காரர்கள்தானே?"

அசல் தொகை டியூக்குக்குப் போகவில்லை. அவரால் விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. அந்த அளவில் அது நன்றாக எழுதப்பட்ட பத்திரம். ஆனால் வருமானம் யாருக்கு என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர், டியூக் உயிரோடு இருக்கும் வரை. மனைவியை எப்படி நடத்துகிறார் என்பதோடு முடிச்சுப் போடப்படவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணின் வாழ்க்கையையும் ஓர் ஆணின் ஆயுள் வருமானத்தையும் ஒரே நாளில் ஒரே தாளில் எழுதிவிட்டு, இரண்டாவதற்கு மட்டும் உத்தரவாதம் வாங்கியிருக்கிறார்கள்.

ஜனவரி 12, மாலை

கீழே இரண்டு பேர் இரண்டு கான்சுவேலோக்களை ஒருவராக்கிவிட்டீர்கள். முதலாமவர் கான்சுவேலோ இஸ்னாகா. 1876-இல் மாண்டவில் பிரபுவை மணந்து, பின்னால் மான்செஸ்டர் டச்சஸ் ஆனவர். ஆல்வாவின் தோழி. அவர் பெயரைத்தான் ஆல்வா மகளுக்கு வைத்தார், அவர்தான் ஞானத்தாய். இரண்டாமவர் நாம் பேசும் வாண்டர்பில்ட் மகள்.

சர்ச்சிலின் தாய் ஜென்னி ஜெரோம் டச்சஸ் இல்லை. ராண்டால்ப் சர்ச்சில் ஏழாவது டியூக்கின் இளைய மகன், பட்டம் அவருக்கு வராது. ஜென்னியின் திருமணம் 1874 ஏப்ரலில் பாரிஸில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் நடந்தது. அங்கும் மாதக்கணக்கில் இழுபறி, காரணம் பத்திரம்தான். அன்றைய இங்கிலாந்தில் தனி ஏற்பாடு ஏதும் எழுதாவிட்டால், மணமானவுடன் மனைவியின் பணம் கணவனுடையது. நியூயார்க்கிலோ மனைவியின் சொத்து மனைவிக்கே என்று 1848-இலேயே சட்டம் வந்துவிட்டது. பெண்ணின் தந்தை லெனார்ட் ஜெரோம் விடவில்லை. முடிவில் அசல் தொகை 50,000 பவுண்டு. அதில் வரும் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டில் பாதி கணவனுக்கு, பாதி ஜென்னியின் கைக்கு. அந்த ஆயிரம் பவுண்டுக்காக ஒரு தந்தை ஒரு டியூக் குடும்பத்தோடு கடிதத்துக்குக் கடிதம் மல்லுக்கட்டினார். நாவல் எழுத வேண்டிய காட்சி அது. இங்கிலாந்தில் மனைவியின் சொத்து மனைவிக்கே என்ற சட்டம் வர 1882 ஆனது.

ஜனவரி 14

டியூக்குகள் ஏன் பணமில்லாமல் போனார்கள் என்று கேட்டவருக்கு. பல நாவல்களில் இதற்குச் சூதாட்டம், குதிரை, பெண்கள் என்று ஒரு தந்தையோ தாத்தாவோ காரணமாக வருவார். அப்படியும் சிலர் இருந்தார்கள். ஆனால் பெரிய காரணம் கோதுமை.

ஆங்கிலப் பிரபுவின் பணம் நிலத்தில் இருந்து வரும் குத்தகை. குத்தகைக்காரன் கோதுமை விற்றால்தான் குத்தகை வரும். 1870-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எட்டு புஷல் கோதுமை 55 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1894-இல் 23 ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. அமெரிக்கப் புல்வெளிகள் உழப்பட்டன, அவற்றை ரயில் பாதை துறைமுகங்களோடு இணைத்தது, நீராவிக் கப்பல் மலிவாகக் கடல் கடத்தியது. குத்தகை சரிந்தது. போதாக்குறைக்கு 1894-இல் இறப்புக்குப் பின் சொத்து கைமாறும்போது கட்ட வேண்டிய வரியும் வந்தது.

மார்ல்பரோ டியூக்குகளின் பிளெனிம் மாளிகையையே பாருங்கள். ஏழாவது டியூக் 1875-இல் குடும்பத்தின் உருவம் செதுக்கிய மணிக்கற்களை 35,000 கினிக்கு (கினி ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) விற்றார். 1881-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் சண்டர்லாண்ட் நூலகம் ஏலம் போனது. 1885-இல் ரபேல் வரைந்த மாதா ஓவியம் 70,000 பவுண்டுக்கு லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனது. சுவரில் இருந்ததும் அலமாரியில் இருந்ததும் தீர்ந்த பிறகுதான் பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள். எட்டாவது டியூக் 1888-இல் லில்லி ஹாமர்ஸ்லி என்ற அமெரிக்கப் பணக்கார விதவையை மணந்தார். எட்டாமவருக்கு முதல் மனைவியிடம் பிறந்த மகன்தான் ஒன்பதாமவர்.

நான் சொல்ல வருவது இனிமேல்தான். வாண்டர்பில்ட் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது? நியூயார்க் சென்ட்ரல் ரயில். அந்த ரயில் எதைச் சுமந்தது? மற்றவற்றோடு, மேற்கில் விளைந்த தானியத்தை நியூயார்க் துறைமுகத்துக்கு. ஆங்கில நிலத்தின் விலையைச் சரித்த கோதுமை எந்தத் தண்டவாளத்தில் ஓடியதோ, அந்தத் தண்டவாளத்தின் லாபம்தான் ஆங்கில மாளிகையைக் காப்பாற்ற வரதட்சணையாகத் திரும்பி வருகிறது. அதைச் சுமந்து வர ஒரு பெண் தேவைப்பட்டாள். 25 லட்சம் டாலர் அன்றைய மாற்றில் ஐந்து லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல். ரபேல் ஓவியத்தைப்போல் ஏழு மடங்கு.

இந்த வட்டத்தை முழுதாகக் காட்டும் நாவலைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். உடையும் விருந்தும் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. மாளிகையின் வரவேற்பறையில் நின்றபடியே குத்தகைக்காரனின் களத்தையும் பஃபலோ நகரின் தானியக் கிடங்கையும் வாசகருக்குக் காட்டத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

ஜனவரி 15

"ஆல்வா அரக்கி" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதில் முழு ஒப்புதல் இல்லை, ஆனால் உங்கள் கோபம் நியாயம். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 17

ஆல்வா பற்றி.

1895 மார்ச்சில் அவர் கணவனை விவாகரத்துச் செய்தார். அந்தக் காலத்து நியூயார்க் பெரிய வீடுகளில் அது ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கப் போதுமான காரணம். எட்டு மாதம் கழித்து அவர் மகள் டச்சஸ் ஆகிறாள். தள்ளிவைக்க நினைத்தவர்கள் அழைப்பிதழுக்குக் காத்திருந்தார்கள். தன் கௌரவத்தை மீட்க மகளைச் செலவழித்தார் என்று நான் இதைப் படிக்கிறேன். இதில் மன்னிக்க எதுவும் இல்லை.

அதே ஆல்வா பின்னால் பெண்களின் வாக்குரிமைக்காகப் பெரும் பணம் கொடுத்தார். நியூபோர்ட்டில் எந்த மார்பிள் ஹவுஸில் மகளுக்கு டியூக்கை நிச்சயம் செய்தாரோ, அதே வீட்டில் 1909-இலும் 1914-இலும் வாக்குரிமைக் கூட்டம் நடத்தினார். 1914 கூட்டத்துக்கு மகளும் வந்து பேசினார். ஒரே வீட்டில் இரண்டும். ஆல்வாவை வில்லியாக எழுதுவதும் எளிது, போராளியாக எழுதுவதும் எளிது. இரண்டையும் ஒரே பெண்ணின் இயல்பாக எழுதுவதுதான் கஷ்டம். கட்டளையிடுவது அவருக்கு மூச்சு. மகளுக்கும் அப்படியே கட்டளையிட்டார், நாட்டுக்கும் அப்படியே.

இன்னொன்று, பத்திரக்காரியின் சந்தேகம். "வற்புறுத்தினேன்" என்று ஆல்வா தன் வாயால் சொன்னது 1926-இல், கத்தோலிக்கத் திருச்சபையின் ரோட்டா நீதிமன்ற விசாரணையில். மகளின் மேல் எனக்கு முழு அதிகாரம் இருந்தது, நான் கட்டாயப்படுத்தினேன் என்ற சாரத்தில் சாட்சி சொன்னார். அந்த வழக்கின் தேவையே அதுதான். கட்டாயத் திருமணம் என்று நிரூபித்தால்தான் திருமணம் முதலிலிருந்தே செல்லாது என்று தீர்ப்பு வரும். கான்சுவேலோ அதற்குள் ஜாக் பால்சான் என்ற பிரெஞ்சுக்காரரை மணந்திருந்தார். அவர் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். டியூக்கும் கத்தோலிக்கராக விரும்பினார். எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு வேண்டியிருந்தது. கிடைத்தது.

இதனால் வற்புறுத்தல் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணீரை நான் நம்புகிறேன். ஆனால் நாவலாசிரியர்கள் கையில் எடுக்கும் "பூட்டிய அறை" காட்சிக்கு மூலம் முப்பது ஆண்டு கழித்துச் சொன்ன சாட்சியமும், அதற்கும் கால் நூற்றாண்டு கழித்து வந்த நினைவுக் குறிப்புகளும். வயதான தாய் தன் மகளின் விடுதலைக்காக ஊரறியத் தன்னைக் குற்றவாளி என்று சொல்லிக்கொள்கிறார். எனக்குத் தெரிந்து எந்தத் திருமணக் காட்சியையும்விட வலுவான காட்சி அது. நாவல்கள் பெரும்பாலும் திருமணத்தோடோ முதல் குழந்தையோடோ நின்றுவிடுவதால் அங்கே போய்ச் சேருவதில்லை.

ஜனவரி 18

நாவல்களுக்கு வருகிறேன். முதல் கேள்வியே அதுதானே.

ஈடித் வார்ட்டனின் 'தி பக்கனீர்ஸ்'. 1937-இல் அவர் இறந்தபோது முடிக்கப்படாமல் இருந்தது, மறுவருடம் அப்படியே வெளியானது. 1870-களின் கதையை 1930-களில் எழுதுகிறார். ஆனால் அவர் 1862-இல் பிறந்த நியூயார்க் பெண். அந்தக் கூடங்களில் வளர்ந்தவர். புதுப்பணக்காரப் பெண்களைப் பழைய நியூயார்க் ஏற்காதபோது அவர்கள் இங்கிலாந்துக்குப் போகிறார்கள் என்ற அவருடைய தொடக்கம், இப்போது எழுதுகிறவர்கள் பலர் கோட்டை விடும் உண்மை. பட்டத்துக்கு ஆசைப்பட்டு மட்டும் போகவில்லை, ஊரில் கதவு சாத்தப்பட்டதால் போனார்கள். அதில் வரும் டின்டாஜல் டியூக் ஒரு கடிகாரப் பிரியர். கொடுமைக்காரர் இல்லை. எதுவும் உணரத் தெரியாதவர். நாயகி நேன் அவரோடு வாழும் பக்கங்களைப் படிக்கும்போது என் மூச்சு அடைத்தது. அடிப்பவனைவிட இப்படிப்பட்டவனை எழுதுவது அரிது.

பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் 'தி ஷட்டில்', 1907. அதில் அடிப்பவன் வருகிறான். சர் நைஜல், ரோசாலி என்ற அமெரிக்கப் பெண்ணை மணக்கிறான். மாமனார் பணத்தைத் தன் கையில் எழுதிக்கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பில் மணக்கிறான். அமெரிக்கத் தந்தைக்கு அப்படி ஒரு வழக்கமே தெரியாது. கோபம் அங்கே தொடங்குகிறது. அவளைத் தனிமைப்படுத்தி, அடித்து, கையெழுத்து வாங்குகிறான். பல ஆண்டுகள் கழித்துத் தங்கை பெட்டினா வருகிறாள், வந்தவுடன் மாளிகையின் கணக்கைப் பார்க்கிறாள்.

எல்லோரும் இதைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இது இந்த வகையிலேயே மிக நேர்மையான நூல். முறையான செட்டில்மென்ட் பத்திரம் இல்லாத வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன நேரும் என்பதுதான் முழுக் கதையும். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நிமிர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தொண்டையைச் செருமுவார். நான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன், யார் முறைத்தாலும். ரோசாலிக்கு வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை.

ஜனவரி 19

'டவுன்டன் ஆபி' தொடரைக் குறிப்பிட்டவருக்கு: அதிலும் கதையின் முடிச்சு பத்திரம்தான். சின்சினாட்டிப் பெண் கோராவின் பணம், மாளிகை ஆண் வாரிசுக்கே போக வேண்டும் என்ற கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. அதனால்தான் தாய் கொண்டுவந்த பணம்கூடப் பெற்ற மகள்களுக்கு இல்லை. முதல் பருவத்தின் அவ்வளவு பதற்றமும் இதிலிருந்து வருவது.

ஜனவரி 23

மகன் ஆக்ஸ்போர்டில் படித்தபோது அங்கிருந்து பஸ் ஏறிப் பிளெனிம் போய்ப் பார்த்தேன். வுட்ஸ்டாக் ஊருக்குப் பக்கத்தில். மாளிகையின் பிரம்மாண்டத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, அது எல்லோரும் எழுதுவது. சிவப்பு வரவேற்பறையில் சார்ஜென்ட் 1905-இல் வரைந்த குடும்ப ஓவியம் இருக்கிறது. டியூக், கான்சுவேலோ, இரண்டு மகன்கள். கான்சுவேலோ கணவனைவிட உயரம். ஓவியத்தில் படிக்கட்டில் அவர் இன்னும் மேலே நிற்கிறார். மறுவருடம் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அந்த நீண்ட கழுத்தையும் முகத்தையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அவர் நினைவுக் குறிப்புகளில் எனக்குப் பிடித்த இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, இரவு உணவு. கணவனும் மனைவியும் எதிரெதிரே, பேச்சே இல்லை. ஒரு உணவுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர் பின்னல் வேலை செய்யத் தொடங்கினார், வெளியே கூடத்தில் பட்லர் துப்பறியும் கதை படித்துக்கொண்டிருந்தார். இன்னொன்று, ஊர் ஏழைகளுக்கு மாளிகையில் மீந்த உணவைத் தகரப் பாத்திரங்களில் அனுப்பும் வழக்கம். இறைச்சி, காய்கறி, இனிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து அனுப்புவார்கள். கான்சுவேலோ அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அனுப்பச் சொன்னார். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்த யாருக்கும் தோன்றாதது, வெளியிலிருந்து வந்த இளம் பெண்ணுக்குத் தோன்றியது. பின்னால் 1917-இல் லண்டன் மாவட்ட மன்ற உறுப்பினர் ஆனார் என்று படித்தபோது எனக்கு அந்தத் தகரப் பாத்திரங்கள்தான் நினைவுக்கு வந்தன.

டியூக்கின் வயதான பாட்டி அவரிடம் சொன்னதாக அவர் எழுதுவதும் உண்டு: சீக்கிரம் ஒரு மகனைப் பெறு, இல்லாவிட்டால் அந்த வின்ஸ்டன் டியூக் ஆகிவிடுவான். 1897-இல் மகன் பிறக்கும் வரை வின்ஸ்டன் சர்ச்சில்தான் அடுத்த வாரிசு.

ஜனவரி 26

இந்தியாவோடு தொடர்புள்ளவர் யாராவது உண்டா என்ற கேள்விக்கு: மேரி லீட்டர். சிகாகோ வணிகர் லெவி லீட்டரின் மகள், 1895 ஏப்ரலில் வாஷிங்டனில் ஜார்ஜ் கர்சனை மணந்தார். 1899-இல் கல்கத்தாவில் வைஸ்ராயின் மனைவி. அன்று அந்த இடத்துக்கு மேல் ஓர் அமெரிக்கப் பெண் பிரிட்டிஷ் பேரரசில் போனதில்லை. பெங்களூரு சிவாஜிநகர்ப் பக்கம் போகிறவர்கள் பௌரிங், லேடி கர்சன் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். அந்த லேடி கர்சன் இவர்தான்.

1903 டெல்லி தர்பாரின்போது நடந்த விருந்து நடனத்தில் அவர் அணிந்த மயில் உடை புகழ்பெற்றது. மயில் இறகு வடிவில் உலோக இழைப் பூவேலை, ஒவ்வொரு கண்ணிலும் பச்சை வண்டின் சிறகு. வேலைப்பாடு டெல்லிக் கைவினைஞர்களுடையது, தைத்து முடித்தது பாரிஸின் வொர்த் நிறுவனம். கட்டணம் சிகாகோ பணம் என்று சொல்லத் தேவையில்லை. உடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வொர்த் பெயர் வருகிறது. மாதக்கணக்கில் குனிந்து ஊசி பிடித்தவர்கள் பெயர் வருவதில்லை. மேரியை வைத்து நாவல் எழுதுகிறவர் அந்தப் பட்டறையில் இருந்து தொடங்கினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

மேரி கணவனை மனதார நேசித்தவர். இந்தத் திருமணங்கள் எல்லாம் ஒரே வார்ப்பு என்று சொல்ல முடியாது என்பதற்கு அவர் சான்று. ஆனாலும் 1906-இல், முப்பத்தாறு வயதில், உடல் நைந்து இறந்துபோனார்.

பிப்ரவரி 2

"பிடிக்காவிட்டால் கப்பல் ஏறி ஊருக்குத் திரும்பியிருக்கலாமே?" எளிதான கேள்வி. பதில் எளிதில்லை.

மனைவி விவாகரத்துக் கேட்க, 1923 வரை இங்கிலாந்தில் கணவனின் பிறமனை உறவு மட்டும் போதாது. கூடவே கொடுமையோ கைவிடலோ நிரூபிக்க வேண்டும். கணவனுக்கு மனைவியின் தவறு ஒன்றே போதும். 1870-இன் பிரிட்டிஷ் சட்டப்படி வெளிநாட்டு மனைவி கணவனின் குடியுரிமைக்குள் வந்துவிடுவாள். 1907-இல் அமெரிக்காவும் தன் பங்குக்கு, வெளிநாட்டவரை மணக்கும் பெண் அமெரிக்கக் குடியுரிமை இழப்பாள் என்று சட்டம் போட்டது. 1922-இல்தான் அது தளர்ந்தது. பிள்ளைகள் பட்டத்தின் வாரிசுகள், அவர்களை எடுத்துக்கொண்டு புறப்பட முடியாது. பணம் டிரஸ்டிகளிடம். பிறந்த நாடு சட்டப்படி அந்நிய நாடு. பிரான்சிஸ் வொர்க் போல, பிரிட்டிஷ் கணவனை விட்டுத் துணிந்து நியூயார்க் திரும்பி 1891-இல் விவாகரத்துப் பெற்றவர்களும் உண்டு. இளவரசி டயானாவின் தந்தைவழியில் இல்லை, தாய்வழியில் கொள்ளுப்பாட்டி அவர். அவருக்குத் திரும்பிப் போக ஒரு தந்தை வீடு இருந்தது.

கான்சுவேலோ 1906-இல் பிரிந்தார். விவாகரத்து 1921-இல். இடையில் பதினைந்து ஆண்டுகள்.

பிப்ரவரி 3

எதை முதலில் படிக்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: 'தி ஷட்டில்' எடுங்கள். நீளம்தான், நடுவில் தோட்ட வர்ணனை இழுக்கும், அங்கே கொஞ்சம் வேகமாகப் புரட்டலாம். பெட்டினா கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் இடத்தில் நிதானமாகப் படியுங்கள். பிறகு 'தி பக்கனீர்ஸ்'. அதை வேறொருவர் முடித்துவைத்த பதிப்பும் 1993 முதல் கிடைக்கிறது. நான் வார்ட்டன் நிறுத்திய இடத்திலேயே நிறுத்தச் சொல்வேன், அவருடைய கதைச் சுருக்கம் இருக்கிறது, மீதியை அதில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதாகக் கான்சுவேலோவின் நினைவுக் குறிப்புகள், 1952-இல் வந்தது. அதைப் படிக்கும்போது மேலே நான் எழுதிய ரோட்டா விசாரணையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், குறிப்பாக ஆல்வா பற்றி.